கசிவு தெரியும் நிறம்

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்குகளை வாங்கிப் புதுப்பிக்கிறவர்களின் வீடியோக்களுக்கு ஒரு காலத்தில் அடிமையாகக் கிடந்தேன். 2023-இன் தொடக்க மாதங்கள். ஆபீஸ் கால் முடிய இரவு 11 மணி ஆகிவிடும், உடனே தூக்கம் வராது. யாரோ ஒருவர் தன் கொட்டகையில் உட்கார்ந்து துருப்பிடித்த பிராக்கெட் ஒன்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதை முக்கால் மணி நேரம் பார்ப்பேன். அது சுத்தமானதும் ஏதோ நானே தேய்த்து முடித்ததுபோல நிம்மதியாகப் போய்ப் படுப்பேன்.

அந்த உலகத்தில் பானெட்டுக்குள் என்ன பெயிண்ட் அடிப்பது என்பது பெரிய பஞ்சாயத்து. செவர்லே இன்ஜின் என்றால் ஆரஞ்சு, ஃபோர்டு என்றால் நீலம், டெட்ராய்ட் டீசல் என்றால் ஒரு மாதிரியான பச்சை. மாற்றி அடித்தால் சாமிக் குத்தம். இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகடுகளுக்குக் கறுப்பு என்பதில் அநேகமாக எல்லோரும் ஒன்றுபடுவார்கள். ஆனால் எந்தக் கறுப்பு? பளபளக்கிற கறுப்பு துடைக்கச் சுலபம், ஆனால் தகட்டில் இருக்கும் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுத்துவிடும். மங்கலான கறுப்பு நெளிவை மறைக்கும், ஆனால் எண்ணெய்க் கை ஒருமுறை பட்டால் அந்தத் தடம் போகாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது.

நான் இதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பார்த்ததற்குக் காரணம், சங்ககிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த லாரி. டாட்டா 1210, 1994 மாடல், முன்னால் மூக்கு நீண்டது. இப்போது வருகிற லாரிகளின் தட்டை முகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஏதோ பழைய சினிமாவிலிருந்து வந்ததுபோல இருக்கும். டாட்டாவும் டைம்லர் பென்ஸும் சேர்ந்து 1954-இல் ஆரம்பித்த கூட்டு 1969-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் அப்பாவின் வயதுக்காரர்கள் அந்த வண்டியை பென்ஸ் என்றுதான் சொல்வார்கள். ‘பென்ஸுல மும்பை போயிட்டு வந்தேன்’ என்று அப்பா சொல்லும்போது பெங்களூர் நண்பர்கள் சிலர் தவறாகப் புரிந்துகொண்டதுண்டு. நானும் திருத்தியதில்லை.

அப்பாவுக்கு முந்தைய வருடம் ஐப்பசியில் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. இடது கையும் காலும் முழுதாகத் திரும்பவில்லை. கிளட்ச் மிதிக்கிற கால் போய்விட்டால் டிரைவருக்கு அதற்கு மேல் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022-இல் பலமடங்கு ஏற்றியிருந்தார்கள். ஓடாத வண்டிக்கு எஃப்.சி. எடுத்து வைத்து என்ன செய்வது? ‘குடுத்தர்லாங் கண்ணு’ என்று அப்பாவே ஒருநாள் போனில் சொன்னார். நான் இரண்டு வாரம் வீட்டிலிருந்து வேலை என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன். விற்பதற்கு முன் வண்டியைப் பார்க்கிற மாதிரி ஆக்குவது என் பொறுப்பு.

புரோக்கர் முதல் நாளே வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார், டயரைத் தட்டினார், பானெட்டைத் தூக்கினார். முகம் கோணியது.

“என்னங் தம்பி, உள்ள பூராச் சாம்பலா இருக்குது? ஆஸ்பத்திரிக் கட்டிலாட்டம்.”

“அப்பா எப்பவுமே அப்படித்தாங்க அடிப்பாரு.”

“கறுப்பு அடிச்சு உடுங்க. பளிச்சுனு ஒரு கறுப்பு. பானெட்டத் தூக்குனா மாப்பிள்ளையாட்டம் இருக்கோணும். ரெண்டேகாலுக்குக் கொறையாம நான் முடிச்சுத் தர்றேன்.”

அந்தச் சாம்பல் நிறத்துக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1997-இல் அப்பா முதல்முறையாகச் சொந்த வண்டி வாங்கினார். அதுவரை மற்றவர்கள் வண்டிக்கு டிரைவர். எனக்கு அப்போது 9 வயது. பழைய வண்டிதான், அதுவும் 1210-தான். அம்மாவின் எட்டு பவுனும் ஃபைனான்ஸில் வாங்கிய கடனும் சேர்ந்து வந்த வண்டி. விற்றவர் பானெட்டைத் திறந்து காட்டியபோது உள்ளே எல்லாமே கன்னங்கரேல் என்று மின்னியதாம். பிளாக், பிராக்கெட், ரேடியேட்டர் சட்டம், ஹோஸ் பைப்புகள்கூடக் கறுப்பு. ‘ஹோஸுக்குப் பெயிண்ட் அடிச்சிருந்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும்’ என்பதை அப்பா என் வாழ்நாளில் ஒரு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். ரப்பருக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. அடித்தால் அதில் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது வாரம். தொப்பூர் கணவாயில், முழு லோடோடு ஏறும்போது வண்டி சூடேறியது. டெம்பரேச்சர் மீட்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அப்பாவுக்குத் தெரியும்போது பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் ஓடும் அறையின் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதன் மேல் எம்-சீலைப் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே கறுப்பு அடித்திருந்தார்கள். சூட்டில் பூச்சு விட்டுக்கொண்டது, தண்ணீர் இறங்கியது, ஹெட் கேஸ்கெட் போனது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் டீ மாதிரி இருந்ததாம். எனக்கு நினைவிருப்பது வேறு. அம்மா அன்று சமைக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை குண்டாவில் சோறு கொண்டுவந்து கொடுத்தார். நானும் தங்கையும் அதைப் பண்டிகைபோலச் சாப்பிட்டோம்.

அந்தக் கடனிலிருந்து மேலே வர நாலு வருடம் ஆனது. 2001-இல்தான் இந்த வண்டியை வாங்கினார். வாங்கிய வாரத்திலேயே பானெட்டுக்குள் எல்லாவற்றையும் டீசலில் கழுவி, வெளிறிய சாம்பல் நிற எனாமலை அடித்தார். நான்தான் கூட இருந்தேன். அரை இஞ்ச் பிரஷ் என் கையில். அதற்குப் பிறகு ஒவ்வொரு எஃப்.சி.க்கும் வெளியே நாமக்கல்லில் பெயிண்டர் அடிப்பார்; பூ, மயில், ‘பாவலன்’ பெயர்ப்பலகை எல்லாம் அவர் இஷ்டம். பானெட்டுக்குள் மட்டும் அப்பாவும் நானும். மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். வீட்டுச் சுவருக்கு மிஞ்சினதா என்று கேட்பார்கள். ‘கறுப்புல எண்ணெ எங்கீங்க தெரியும்?’ என்பதுதான் அப்பாவின் ஒரே பதில். சாம்பலில் தெரியும். காலையில் பானெட்டைத் தூக்கினால் ராத்திரி எங்கே கசிந்தது என்று கிளீனர் பையனுக்குக்கூடத் தெரியும். ஆயில் என்றால் கறுத்த கோடு, தண்ணீர் என்றால் காவி, டீசல் என்றால் தூசி ஒட்டாமல் கழுவிவிட்ட மாதிரி ஒரு தடம்.

இப்போது புரோக்கர் சொன்னதற்கு வருகிறேன். எனக்கு அவர் சொன்னது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோக்களில் பார்த்த கறுப்பு என் கண்ணிலேயே நின்றது. அப்பாவின் சாம்பல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே அசிங்கமாகத்தான் பட்டது. விலை போகிற கடைசி நாளிலாவது அந்த வண்டி அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஈரோடு போய் 4 லிட்டர் பளபளப்புக் கறுப்பு வாங்கிவந்தேன். கூடவே என் நோட்டில் ஒரு திட்டம் எழுதிக்கொண்டேன். வேலை பார்க்கிற இடத்துப் பழக்கம்.

அந்தத் திட்டம் எழுதும்போதுதான் பானெட்டுக்குள் ஒரே சூடு இல்லை என்பது உறைத்தது. பிளாக்கின் வெளிச்சுவர் அதிகம் சுடாது. உள்ளே ஓடும் தண்ணீர் 80, 90 டிகிரியில் இருந்தால் சுவரும் ஏறத்தாழ அவ்வளவுதான். சாதாரண சிந்தெடிக் எனாமலே அங்கே வருடக்கணக்கில் நிற்கும். அதிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிற எக்ஸாஸ்ட் மேனிபோல்டு லோடோடு மலையேறும்போது 400 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே எனாமல் அடித்தால் முதல் ட்ரிப்பிலேயே புகைந்து, கொப்புளித்து, உரிந்துவிடும். அதற்கு சிலிக்கான் கலந்த அலுமினியப் பெயிண்ட். அதிலும் ஒரு விஷயம்: அடியில் ரெட் ஆக்சைடு பூசக் கூடாது. பிரைமர் எரிந்து மேலே இருக்கிறதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். துரு போகத் தேய்த்த வெறும் இரும்பின் மேல், மெல்லிசாக இரண்டு கோட். அது காற்றில் முழுசாகக் காயாது. நகத்தால் கீறினால் வரும். இன்ஜினை ஓட்டி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றினால்தான் இறுகும். நெருப்பில்தான் காய்கிற பெயிண்ட் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ரேடியேட்டருக்குக் கறுப்புதான் அடிக்கிறார்கள். கறுப்பு சூட்டைக் கக்கும் என்று பட்டறையில் சொல்வார்கள். பள்ளிக்கூட இயற்பியலும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் ரேடியேட்டரைக் குளிரவைப்பது பெரும்பாலும் ஃபேன் இழுக்கிற காற்று. நிறத்தின் பங்கு சொற்பம். நிறத்தைவிட முக்கியம், கோட் மெல்லிசாக இருப்பது. பிரஷ்ஷால் மொத்தையாகப் பூசி இதழ்களுக்கு நடுவே அடைத்துவிட்டால் எந்த நிறமும் காப்பாற்றாது. பேட்டரித் தட்டுக்கு எனாமல் ஆகாது, ஆசிட் சொட்டினால் தோல்போல உரியும். அதற்குத் தார் கலந்த கறுப்பு. எர்த் ஒயர் உட்காரும் இடத்தில் எதுவுமே அடிக்கக் கூடாது. அங்கே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டு, செல்ஃப் மோட்டார் முனகுகிறது என்று பேட்டரியை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். சேசிஸ் நம்பர் மேல் மொத்தையாக அடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது நம்பர் விழாது.

பி.யூ. அடிக்கலாமா என்றும் யோசித்தேன். ஹார்டனர் கலந்து அடிக்கிற அந்தப் பெயிண்ட் டீசல் பட்டாலும் இளகாது, பளபளப்பும் அப்படியே நிற்கும். எங்களுக்கு வழக்கமாக அடிக்கிற பெயிண்டர் அண்ணனைக் கேட்டேன். “அடிக்கலாந் தம்பி” என்று சொல்லிவிட்டு இருமினார். அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலில் என்ன செய்யும் என்று நான் படித்திருந்தேன். அவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு முப்பது வருடமாக அடிக்கிறார். நான் ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக்கொடுத்தேன். அதைப் பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், விருந்தாளிக்குக் காட்டுவதற்கு. பி.யூ. வேண்டாம் என்று முடிவு செய்தேன். எனாமல் போதும், நானே அடித்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் கழுவ ஆரம்பித்தேன். பெயிண்ட் வேலையில் முக்கால்வாசி கழுவுவதுதான். டீசலும் பிரஷ்ஷும் போட்டு ஊறவைத்து, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பிறகு சோப்புத்தண்ணீர், கடைசியாகத் தின்னர். டீசலின் பிசுபிசுப்பு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் மேலே அடிக்கிற பெயிண்ட் மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகும். பகலில் மீட்டிங்குகள், சாயங்காலம் லாரி. ஒரு மீட்டிங்கில் காமிராவை ஆன் செய்துவிட்டேன். முழங்கை வரை கறுப்பாக இருந்ததைப் பார்த்து மேனேஜர் எதுவும் கேட்கவில்லை.

மேனிபோல்டுக்கு எதிர்ப்பக்கம், கீழே, நாலாவது சிலிண்டர் அருகே சாம்பல் பெயிண்டில் நூல் மாதிரி ஒரு காவிக் கோடு இருந்தது. முதலில் கோர் பிளக்கில் கசிகிறது என்று நினைத்தேன். அது சின்ன வேலை, தட்டி எடுத்து வேறு போடலாம். பழைய பெயிண்டைச் சுரண்டினேன். கோர் பிளக் காய்ந்து கிடந்தது. கோடு அதன் விளிம்பிலிருந்து கிளம்பவில்லை, இரண்டு விரற்கடை தள்ளி.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல், “சாக்பீஸ் இருக்குதா?” என்றார். பக்கத்து வீட்டுப் பாப்பாவிடம் வாங்கிவந்தேன். அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தார். சாக்பீஸைப் பொடி செய்து மேலே ஊதினார். வெள்ளையாக இருந்தது. பீடி பற்றவைத்தார். அவர் பீடி பாதி முடிவதற்குள் வெள்ளையின் நடுவே ஒரு ஈரக்கோடு தானாக எழுதிக்கொண்டு வந்தது. விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் வெளியே வந்து பொடியை நனைக்கிறது. இரண்டு இஞ்ச் இருக்கும். நடுவில் லேசாக வளைந்திருந்தது.

“மயிரிழைதான். ஆனா போயிருக்குது” என்றார்.

ராத்திரி புரோக்கருக்குப் போன் செய்தேன். அவருக்கு அதிர்ச்சியே இல்லை. “அதுக்குத்தானுங் தம்பி கறுப்பு அடிக்கச் சொன்னேன்” என்றார். முதல் நாளே பார்த்திருக்கிறார். ராசிபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் தண்ணி டேங்க் ஏற்றி ஓட்ட வண்டி தேடுகிறானாம். உள்ளூர் ஓட்டம், மலையா ஏறப்போகிறது, எம்-சீல் வைத்து அடித்தால் ரெண்டு வருசம் தாங்கும். காட்டினால் ஒன்றரை தேறாது.

75 ஆயிரம் வித்தியாசம். எனக்கு அது உயிர்போகிற தொகை இல்லை. அதனால்தான் அன்றிரவு நான் செய்தது எனக்கே விளங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனேன். கறுப்பு டின்னைத் திறந்தேன். அரை இஞ்ச் பிரஷ்ஷைத் தோய்த்து அந்தக் கோட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். சும்மா பார்ப்பதற்கு என்று சொல்லிக்கொண்டேன். ஒரே இழுப்புதான். விரிசல் இல்லை. எம்-சீல்கூடத் தேவைப்படவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அந்த இடம் அவ்வளவு அழகாக இருந்தது.

எங்கள் வேலையிலும் இது உண்டு. ராத்திரி மூணு மணிக்கு அடித்து எழுப்புகிற அலாரம் ஒன்றை, காரணம் பார்க்க நேரமில்லாமல், சத்தம் வராமல் செய்து வைப்போம். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். நான் அப்படிச் செய்து வைத்த ஒன்று எட்டு மாதம் கழித்து வேறு யாரோ டியூட்டியில் இருக்கும்போது வெடித்தது. அவனுக்கு இன்றுவரை அதை வைத்தது நான் என்று தெரியாது. அல்லது தெரிந்தும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே பம்பரில் உட்கார்ந்திருந்தேன். பெயிண்ட் காய்வதற்குள் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு வந்து படுத்தேன்.

காலையில் அப்பா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு லாரிவரை வந்தார். பம்பர்மேல் ஏற முடியவில்லை. கீழே நின்றபடியே மூக்கை உறிஞ்சினார்.

“தின்னர் வாசம் அடிக்குது. எதத் தொடச்ச?”

சொன்னேன். விரிசலைச் சொன்னேன், புரோக்கர் சொன்னதைச் சொன்னேன், ராத்திரி அடித்ததையும் சொன்னேன். கடைசியில் சொன்னதற்கு அவர் முகத்தில் என்ன வருகிறது என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் பாதி எதையும் காட்டுவதில்லை, அதுவும் ஒரு வசதி. போனில் போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்துக் காட்டினேன். பெரிசாக்கச் சொன்னார். இரண்டு விரலால் பெரிசாக்கினேன். வலது கையில் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இத எம் மேல எவன் பூசி வித்தானோ அவனுக்கும் ஒரு பையன் இருந்துருப்பான்” என்றார். திட்டுகிறாரா, சமாதானம் சொல்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு, “ஷேடு கார்டு இருக்குதா?” என்றார்.

ஷேடு கார்டை அவர் மடியில் விரித்து வைத்தேன். அதற்குள் எத்தனை சாம்பல்! ஸ்மோக் கிரே, லைட் கிரே, டார்க் அட்மிரல்டி கிரே. அவர் விரல் ஒவ்வொன்றாக நகர்ந்து லைட் அட்மிரல்டி கிரேயில் நின்றது. இந்திய நிற அட்டவணையில் அதன் எண் 697. எங்கள் லாரியின் இன்ஜினும் 697-தான். 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் போர் என்பதால் வந்த பெயர். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை, வெறும் தற்செயல். ஆனால் அப்பாவிடம் சொன்னபோது, அவருக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்.

சேலத்திலிருந்து விரிசல் தைக்கிறவர் வந்தார். வார்ப்பு இரும்பை வெல்டிங் வைத்தால் ஆறும்போது பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும். அதனால் சூடு இல்லாத வேலை. விரிசல் நெடுகத் துளை போட்டு, மரை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி ஸ்குரூ இறக்கி, குறுக்கே பூட்டு வைத்து, தட்டித் தேய்த்துவிடுகிறார்கள். பார்த்தால் துணியில் தையல் போட்ட மாதிரியே இருக்கிறது. தண்ணீர் அறைக்குக் காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புநுரை தடவிப் பார்த்தார், குமிழி இல்லை. 18 ஆயிரம் வாங்கினார். பிறகு நான் பிளாக்குக்கு சாம்பல், மேனிபோல்டுக்கு அலுமினியம், ரேடியேட்டருக்கு மெல்லிசாகக் கறுப்பு அடித்தேன். ஈரோட்டில் வாங்கிய 4 லிட்டரில் பாதிக்கு மேல் மீந்துபோனது. எங்கள் வீட்டுக் கேட்டும் சைக்கிளும் மொட்டைமாடிக் கம்பியும் இப்போது கறுப்பாக இருக்கின்றன.

தைத்த இடத்தில் மட்டும் அப்பா சாம்பல் அடிக்கவிடவில்லை. வெள்ளை அடிக்கச் சொன்னார். உள்ளங்கை அகலத்துக்கு.

ராசிபுரத்துப் பையன் வந்தான். 24, 25 வயது இருக்கும். கூட அவன் மாமா. பானெட்டைத் தூக்கியதும் இருவர் கண்ணும் நேராக அந்த வெள்ளைக்குத்தான் போனது. நான் ஆரம்பிப்பதற்குள் திண்ணையிலிருந்து அப்பாவே குரல் கொடுத்தார். விரிசல் விட்டது, தைத்தது, யார் தைத்தது, எவ்வளவு ஆனது எல்லாம். புரோக்கர் வானத்தைப் பார்த்தார். மாமா, “வேண்டாம் போலாம் வா” என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு புரோக்கர் எங்கள் போனை எடுக்கவில்லை. மூன்று வாரம் யாரும் வரவில்லை. நான் பெங்களூர் திரும்பிவிட்டேன். அம்மா ஒருமுறை போனில், ‘உங்கப்பாவும் நீயும் சேந்து வண்டியை மரத்தடிலயே மக்க வைக்கறீங்க’ என்றார். அம்மாவின் எட்டு பவுன் போனதுபோதும் அவர்தான் எதுவும் சொல்லாமல் இருந்தவர். அதனால் அந்தக் கோபம் எனக்குப் பதில் சொல்ல முடியாததாக இருந்தது.

நாலாவது வாரம் அந்தப் பையன் மட்டும் தனியாக வந்தானாம். ஒரு லட்சத்து 85 ஆயிரத்துக்கு முடிந்தது. தைத்த கூலியையும் பெயிண்டையும் கழித்தால் புரோக்கர் சொன்ன ஒன்றரையைவிடக் கொஞ்சம் மேலே, ரெண்டேகாலிலிருந்து வெகுதூரம். அப்பா அவனிடம் காசு எண்ணி வாங்குவதற்கு முன் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார். அந்த வெள்ளை இடத்தை மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து அனுப்பவேண்டும்.

அவனும் அனுப்புகிறான். முதல் தேதி ஆனால் அப்பாவின் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பானெட்டுக்குள் இன்னும் எங்கள் சாம்பல்தான். வெளியே நீலமாகிவிட்டது, பின்னால் தண்ணி டேங்க். போன பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தபோது வந்த படத்தில் வெள்ளையின் கீழ் ஓரத்தில் ஏதோ காவியாகத் தெரிந்தது. நான் பெரிசாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிசாக்கினால் வெறும் கட்டங்களாகிவிட்டது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார்.

“தூசிதான்” என்றார். கொஞ்சம் கழித்து, “அவனுக்குப் போனைப் போடு. தொடச்சுட்டு இன்னொண்ணு எடுத்தனுப்பச் சொல்லு” என்றார்.